இராட்சதன் வாயும் அரசனின் கஜானாவும்

ஆட்சியாளர்களைப் புராணப் பாத்திரங்களாகவும் பழங்கதை மாந்தராகவும் வரைந்த அரசியல் அச்சுப்படங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் லண்டனிலும் பாரிஸிலும் இத்தகைய படங்கள் ஏராளமாக வந்தன. எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போனால் ஒன்றும் மனத்தில் நிற்காது. ஒரு படத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மற்றவற்றை அதனருகே வைத்துப் பார்க்கலாம். அந்தப் படம் 1831 டிசம்பரில் பாரிஸில் வெளியான ‘கர்கான்துவா’. வரைந்தவர் ஒனோரே தோமியே. அப்போது அவருக்கு வயது 23. கர்கான்துவா என்பவன் பிரெஞ்சு நாட்டுக் கதைகளில் வரும் பெருந்தீனி இராட்சதன். பதினாறாம் நூற்றாண்டில் ராபலே அவனை வைத்து ஒரு பெரும் நாவலே எழுதினார். அதற்கு முன்பே அவன் சந்தைகளில் விற்ற மலிவுப் பதிப்புகளில் உலவிக்கொண்டிருந்தான்.

படத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். நடுவில் மலைபோல் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். மேலே குறுகிக் கீழே அகன்ற தலை, தொங்கும் கன்னம், சரிந்த தொந்தி. அது மன்னர் லூயி பிலிப் என்று பாரிஸ்காரர் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. திறந்த வாயிலிருந்து தரைவரை ஒரு நீளப் பலகை சாய்த்துப் போடப்பட்டிருக்கிறது. அதன் அடிவாரத்தில் கந்தல் உடுத்த கூட்டம்: உடல் முடங்கியவர்கள், பிள்ளையோடு ஒரு தாய், உழைத்து ஓய்ந்த முகங்கள். கையிலிருக்கும் காசை அவர்கள் கூடைகளில் போடுகிறார்கள். சுமைகூலிகள் கூடைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு பலகையில் வரிசையாக ஏறிப் போய் அந்த வாய்க்குள் கொட்டுகிறார்கள். வழியில் சிந்தும் காசைப் பொறுக்க, பலகைக்குக் கீழே நல்ல உடை உடுத்திய சிறு கும்பல் ஒன்று மொய்க்கிறது. மன்னர் அமர்ந்திருக்கும் அரியணையோ அடியில் துளை வைத்த கழிப்பு நாற்காலி. உள்ளே காசாகப் போனது கீழே பதக்கங்களாகவும் பிரபுப் பட்டங்களாகவும் நியமன ஆணைகளாகவும் விழுகிறது. அவற்றை அள்ளிக்கொண்ட குட்டி மனிதர்கள், பின்னால் தெரியும் மக்களவைக் கட்டடத்தின் பக்கம் விரைகிறார்கள்.

இந்தப் படம் பிறந்த நேரத்தையும் சொல்லியாக வேண்டும். 1830 ஜூலையில் பாரிஸ் மக்கள் மூன்று நாள் தெருவில் நின்று போராடி, பத்தாம் சார்லை நாட்டைவிட்டே துரத்தினார்கள். அந்தக் குருதியில் அரியணை ஏறியவர் லூயி பிலிப். ‘குடிமக்களின் மன்னர்’ என்று பேர் எடுத்தவர். புதிய சாசனம், தணிக்கை இனி ஒருநாளும் திரும்பி வராது என்று வாக்குக் கொடுத்தது. ஆனால் வாக்குரிமை ஆண்டுக்கு 200 பிராங்க் நேரடி வரி கட்டுபவர்களுக்கு மட்டுமே. மூன்று கோடிக்கு மேல் மக்கள் வாழ்ந்த நாட்டில் வாக்காளர்கள் ஏறத்தாழ 1,66,000 பேர். மற்றவர்களும் வரி கட்டத்தான் செய்தார்கள். உப்பு வாங்கும்போது, ஒயின் வாங்கும்போது, விலையோடு விலையாக. 1831 நவம்பரில் லியோன் நகரப் பட்டு நெசவாளர்கள் நியாயமான கூலி நிர்ணயம் கேட்டு எழுந்தார்கள். படையை அனுப்பி அடக்கினார்கள். அதற்கு அடுத்த மாதம் தலைநகரில் நடந்த பேச்செல்லாம் மன்னர் மானியம் எவ்வளவு என்பதைப் பற்றித்தான். 1832 மார்ச்சில் சட்டமான தொகை ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம் பிராங்க். படம் வெளிவந்தது லியோன் எழுச்சிக்கும் இந்தச் சட்டத்துக்கும் நடுவில்.

ஓபேர் என்பவரின் படக்கடைச் சன்னலில் தொங்கிய பிரதிகளைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. படம் வரைந்த கல்லையே அழிக்க உத்தரவாயிற்று. தோமியே, பதிப்பாளர், அச்சகத்தார் மூவர்மீதும் வழக்கு. மன்னரின் அரசாங்கத்தின்மேல் வெறுப்பையும் இகழ்ச்சியையும் தூண்டியது, மன்னரை அவமதித்தது என்பவை குற்றச்சாட்டுகள். 1832 பிப்ரவரியில் தோமியேவுக்கு ஆறு மாதச் சிறையும் 500 பிராங்க் அபராதமும் விதித்தார்கள். தண்டனையை உடனே நிறைவேற்றவில்லை. அவர் அடங்காமல் தொடர்ந்து வரைந்ததால் ஆகஸ்டில் கைது செய்து சேன்ட் பெலாஜி சிறையில் அடைத்தார்கள்.

நீதிமன்றம் இந்தப் படத்தை வசவு என்று வாசித்தது. பிற்காலத்தில் இதைப் பாராட்டியவர்களிலும் பலர் அப்படியே வாசித்தார்கள். துணிச்சலான வசவு, அழகான வசவு என்று சொன்னதுதான் வேறுபாடு. இந்த வாசிப்பை நான் ஏற்கவில்லை. அரசனுக்குப் பழங்கதை வேடம் போடுவது அவனை இழிவுபடுத்துவதற்கு என்று எடுத்துக்கொண்டால், இவற்றில் மிகச் சிறந்த படங்கள் செய்த வேலை நம் கண்ணில் படாமலே போய்விடும். கண்ணுக்குத் தெரியாத ஓர் அதிகார இயக்கத்தைக் கண்ணுக்குத் தெரியவைக்கத்தான் ஓவியர்கள் பழங்கதையைத் தேடிப் போனார்கள் என்பது என் வாதம். வரி யார் கையிலிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேருகிறது, அங்கே என்னவாக மாறுகிறது, மாறியது யார் கைக்குத் திரும்பி வருகிறது என்பதை எவரும் நேரில் நின்று பார்க்க முடியாது. உப்பின் விலையில் ஒளிந்திருக்கும் காசுக்கும் ஒரு பிரபுவின் மார்பில் தொங்கும் பதக்கத்துக்கும் உள்ள உறவை எந்தத் தெருக்காட்சியாலும் காட்ட இயலாது. தின்று செரித்துக் கழிக்கும் ஓர் உடம்பை நடுவில் வைத்தால் அந்த உறவு ஒரே பார்வையில் விளங்கிவிடுகிறது. வசவுக்கு வரிசை கிடையாது. எங்கே தொடங்கினாலும் வசவு வசவுதான். இந்தப் படத்தைக் கூடையில் தொடங்கி, பலகையில் ஏறி, நாற்காலிக்கு அடியில் இறங்கி, மக்களவை வாசலில் முடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு படியை விட்டாலும் பொருள் அறுந்துபோகும்.

இதைச் சோதித்துப் பார்க்க இன்னொரு நாட்டுப் படம் வேண்டும். 1797 பிப்ரவரியில் பிரெஞ்சுப் படை ஒன்று வேல்ஸ் கரையில் ஃபிஷ்கார்டு அருகே இறங்கியது. சிறு படைதான், சீக்கிரமே சரணடைந்தது. ஆனால் பீதி பரவி, மக்கள் நோட்டைக் கொடுத்துத் தங்கம் கேட்க ஆரம்பித்தார்கள். மாதம் முடிவதற்குள், நோட்டுக்குத் தங்கம் கொடுப்பதை இங்கிலாந்து வங்கி நிறுத்திக்கொள்ளுமாறு அரசு உத்தரவிட்டது. அதுவரை அந்த வங்கியின் 5 பவுனுக்குக் குறைந்த நோட்டையே காணாத மக்கள் கையில் ஒரு பவுன், இரண்டு பவுன் காகிதங்கள் வந்தன. அந்த நிலை 1821 வரை நீடித்தது. மார்ச் 9ஆம் தேதி ஜேம்ஸ் கில்ரே ஒரு படம் வெளியிட்டார். பிரதமர் வில்லியம் பிட் வங்கிக் கட்டடத்தின்மேல் இருபுறமும் கால் பரப்பி நிற்கிறார். வயிறு முழுக்கத் தங்கக் காசு. வாயிலிருந்து கொட்டுவதெல்லாம் நோட்டு. தலையில் கழுதைக் காது. தொட்டதெல்லாம் பொன்னாகும் வரம் பெற்ற மைடாஸ் மன்னனின் வேடம் அது. மைடாஸின் காது ரகசியத்தை ஊருக்குச் சொன்ன நாணல்களும் ஓரத்தில் இருக்கின்றன, எதிர்க்கட்சிக்காரர்களின் தலைகளோடு. கழுதைக் காது ராஜா கதையாக நம் பிள்ளைகளும் அறிந்த கதைதான்.

கில்ரே கதையைத் தலைகீழாக்கியிருப்பதைக் கவனியுங்கள். கதையில் எல்லாம் பொன்னாகிறது. படத்தில் பொன்னெல்லாம் காகிதமாகிறது. பிட் முட்டாள் என்று சொல்ல வேண்டுமானால் கழுதைக் காது மட்டும் போதும். கில்ரேக்குத் தேவைப்பட்டது அந்த மாற்றம். நாட்டின் தங்கம் ஓரிடத்தில் தேங்கி நிற்கிறது, மக்களுக்கு வாக்குறுதி மட்டும் கிடைக்கிறது என்ற பணவியல் உண்மையைப் பொருளாதாரம் படிக்காத ஒருவன் எப்படிப் பார்ப்பான்? வங்கிப் பெட்டகத்தின் கதவு அவனுக்குத் திறக்காது. மைடாஸின் வயிறு திறந்து கிடக்கிறது. 1797இல் லண்டன், 1831இல் பாரிஸ். ஒன்று செப்புத்தகட்டில் செதுக்கி நிறம் பூசியது, மற்றது கல்லில் வரைந்து விரைவாக அச்சிட்டது. முப்பத்து நான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டு ஓவியர்கள், பொதுப்பணம் ஓர் ஆட்சியாளனின் உடம்பு வழியே வேறொன்றாக மாறி வெளியேறும் அதே உருவத்துக்கு வந்துசேர்ந்திருக்கிறார்கள். இருவரும் எதிர்கொண்ட சிக்கல் ஒன்றாக இருந்ததால்தான் விடையும் ஒன்றாக அமைந்தது என்று கருதுகிறேன்.

இந்த வேடம் போடும் வழக்கத்தைக் கேலிச்சித்திரக்காரர்கள் தொடங்கவில்லை. அரண்மனைதான் தொடங்கியது. பதினான்காம் லூயி தன்னைக் கதிரவக் கடவுள் அப்பல்லோவாகக் காட்டிக்கொண்டார். வெர்சாய் தோட்டத்துப் பெரிய நீரூற்று ஒன்றில் அப்பல்லோவின் தேர் தண்ணீரிலிருந்து எழுவதை இன்றும் காணலாம். நெப்போலியனைப் போர்க்கடவுள் மார்ஸாக, ஆடையில்லாத பளிங்குச் சிலையாகச் சிற்பி கனோவா செதுக்கினார். நெப்போலியன் தோற்றபின் பிரிட்டிஷ் அரசு அதை விலைக்கு வாங்கி, அவரை வென்ற தளபதி வெலிங்டனுக்குக் கொடுத்தது. லண்டன் அப்ஸ்லி மாளிகையின் மாடிப்படி அருகே அது இன்றும் நிற்கிறது. அரசு ஓவியர்கள் இந்த வேடத்தால் சாதித்தது என்ன? ஆட்சி எப்படி நடக்கிறது என்ற கேள்வியே எழாமல் பார்த்துக்கொண்டார்கள். கதிரவன் எப்படி உதிக்கிறான் என்று யாரும் கணக்குக் கேட்பதில்லை. அதே வேடத்தை எடுத்து, அதனாலேயே கணக்குக் கேட்டதுதான் கில்ரேயும் தோமியேயும் செய்த பெரிய காரியம்.

இனி என் வாதத்துக்கு வரக்கூடிய மறுப்புகளைப் பார்ப்போம். முதல் மறுப்பு பேரிக்காயிலிருந்து வரும். தோமியேவின் படங்களை வெளியிட்ட ‘லா கரிகாத்யூர்’ வார இதழை 1830 நவம்பரில் தொடங்கியவர் ஷார்ல் பிலிப்போன். மன்னரை அவமதித்ததாக 1831 நவம்பரில் அவர்மேல் வழக்கு நடந்தபோது, நீதிமன்றத்திலேயே நான்கு படங்களை வரைந்து காட்டினார். முதலாவதில் லூயி பிலிப்பின் முகம். அது படிப்படியாக மாறி நான்காவதில் வெறும் பேரிக்காய். முதற்படம் மன்னரைப்போல் இருக்கிறதென்று தண்டித்தால், இரண்டாவது முதலாவதைப்போல் இருக்கிறது, அதையும் தண்டிக்க வேண்டும். கடைசியில் பேரிக்காயையும் தண்டிக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஆறு மாதச் சிறையும் 2,000 பிராங்க் அபராதமும் கிடைத்தன. ஆனால் பேரிக்காய் பாரிஸ் சுவர்களெல்லாம் பரவிவிட்டது. சிறுவர்கள் கரியால் கிறுக்கினார்கள். கர்கான்துவாவைப் பார்த்தவர்களைவிடப் பேரிக்காயைப் பார்த்தவர்கள் பல மடங்கு. பழங்கதையே இல்லாத ஒரு பழம் இவ்வளவு வேலை செய்திருக்கும்போது கதை எதற்கு என்று கேட்கலாம்.

கேள்வி நியாயமானது. ஆனால் பேரிக்காயைப் பார்த்தவன் எதைத் தெரிந்துகொள்கிறான்? யார் என்று தெரிந்துகொள்கிறான். அந்த ஆள் என்ன செய்கிறான் என்பது அதில் இல்லை. தடித்து மந்தமாகிப்போன ஓர் ஆட்சியின் முத்திரை அது, அவ்வளவே. பிலிப்போனின் ஓவியர்களே அந்தப் பேரிக்காய்த் தலையை உடம்போடு ஒட்டி, ஒரு நிகழ்ச்சிக்குள் வைத்து, ஏதேனும் செய்யவைக்க வேண்டியிருந்தது. கர்கான்துவாவின் தலையும் பேரிக்காய்தானே! முத்திரை ஆளைச் சுட்டியது. கதை அவன் தொழிலைச் சொன்னது. இரண்டும் ஒன்றுக்கொன்று உதவின. இன்னொன்றும் உண்டு. கதைவேடம் போட்ட படத்தைத் தண்டிக்க வேண்டுமானால், ஏழைகளின் காசைத் தின்னும் இந்த இராட்சதன் எங்கள் மன்னர்தான் என்று அரசு வழக்கறிஞர் எழுந்து நின்று மெய்ப்பிக்க வேண்டும். அதை அரசின் வாயாலேயே சொல்லவைத்த வழக்கு இது.

இரண்டாவது மறுப்பு படிப்பைப் பற்றியது. ஆங்கிலக் கவிஞர் மில்டனும் கிரேக்கப் புராணமும் தெரிந்தவனுக்கல்லவா இந்தப் படங்கள் புரியும், ஏழைகளின் பெயரால் பேசும் படம் ஏழைக்கே புரியாவிட்டால் என்ன பயன் என்று கேட்பார்கள். கில்ரேயின் சில படங்களுக்கு இது முழுக்கப் பொருந்தும். அதை மறுக்க வேண்டியதில்லை. மில்டனின் காவியத்திலிருந்து பாவம், மரணம், சாத்தான் மூவரையும் எடுத்து அரசியையும் பிட்டையும் இன்னோர் அமைச்சரையும் அப்படி வரைந்த 1792ஆம் ஆண்டுப் படத்தை ரசிக்க நூலறிவு வேண்டும். ஆனால் கர்கான்துவா ஏட்டில் மட்டும் வாழ்ந்தவன் அல்லன். பிரான்சின் பல வட்டாரங்களில் தனித்து நிற்கும் பாறைகளும் குன்றுகளும் அவன் எறிந்த கல், அவன் உட்கார்ந்த இடம் என்று பேர் பெற்றிருக்கின்றன. எழுத்தறியாத உழவனுக்கும் அவன் பசி தெரியும். ‘லா கரிகாத்யூர்’ ஆண்டுச் சந்தா 52 பிராங்க், கூலிக்காரனால் நினைத்தும் பார்க்க முடியாத தொகை, இது உண்மை. ஆனால் ஓபேர் கடைச் சன்னலில் பார்க்கக் காசு வேண்டாம். அங்கே கூடிய கூட்டத்தைத் தோமியேவின் சகாக்களே வரைந்து வைத்திருக்கிறார்கள். போலீஸ் முதலில் போனதும் அந்தச் சன்னலுக்குத்தான்.

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது. ஆட்சியாளனை இராட்சதனாக்குவது, ஓர் அமைப்பின் தீமையை ஒரு மனிதனின் தீமையாகச் சுருக்கிவிடாதா? அவனை வெறுக்கச் சொல்லிக் கொடுக்கிறதே தவிரச் சிந்திக்கச் சொல்லிக் கொடுக்கிறதா? இந்தக் குறை பல படங்களுக்கு உண்டு. 1814இல் தாமஸ் ரோலண்ட்சன் வரைந்த படத்தில் குழந்தை நெப்போலியனைத் துணியில் சுற்றிச் சாத்தான் கையில் ஏந்திக் கொஞ்சுகிறான். திறமையான கோடு, ஆனால் அந்தப் படம் எதை விளக்குகிறது? ஐரோப்பா முழுவதும் ஏன் போர்க்களமாயிற்று, கட்டாய ஆள்சேர்ப்பு எப்படி நடந்தது, யாருக்கு லாபம் என்ற எதற்கும் அதில் இடமில்லை. சாத்தானின் பிள்ளை, ஆகவே தீயவன், கதை முடிந்தது. எதிரி நாட்டு அரசனைச் சாத்தானாக்கும் படங்கள் போர்க்காலத்தில் எந்த அரசுக்கும் உவப்பானவை. இவற்றை நான் என் வாதத்துக்குத் துணையாக அழைக்கவில்லை. இவற்றிலிருந்து கர்கான்துவாவைப் பிரித்தறியத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

வேறுபாடு எங்கே இருக்கிறது? மகாபாரதத்துப் பகாசுரனை நினைத்துக்கொண்டால் எளிதில் விளங்கும். ஏகசக்கர நகர மக்கள் முறைவைத்து வண்டி நிறையச் சோறும் எருதுகளும் ஓர் ஆளும் அனுப்ப வேண்டும். அவன் எல்லாவற்றையும் தின்றுவிடுவான். அவன் ஊருக்கு வெளியே காட்டில் இருப்பவன். பீமன் வந்து கொன்றதும் ஊருக்கு விடுதலை கிடைக்கிறது. தோமியேவின் இராட்சதன் அப்படிப்பட்டவன் அல்லன். அவன் காட்டில் இல்லை, தலைநகரின் நடுவே சட்டப்படி அமர்ந்திருக்கிறான். அவனே யாரையும் பிடித்துத் தின்பதுமில்லை. அசையாமல் வாயைத் திறந்துகொண்டு இருக்கிறான். கூடை சுமப்பவர்கள், சிந்தியதைப் பொறுக்குபவர்கள், கீழே விழுவதற்குக் காத்திருப்பவர்கள் என்று படத்தில் வேலை செய்பவர்கள் எல்லாரும் மற்றவர்கள். இந்த இராட்சதனைக் கொன்றுவிட்டால் தீர்ந்தது என்று படம் சொல்லவே இல்லை. பலகையும் நாற்காலியும் மக்களவை வாசலும் அப்படியே இருக்கும். இன்னொருவன் வந்து உட்காரலாம். ஒரு மனிதனை அரக்கனாக்கிய படத்தில் அந்த மனிதனைவிட அவனைச் சுற்றிய ஏற்பாடு பெரிதாகத் தெரிவது தற்செயலாக நேர்வதல்ல. முதற்பார்வைக்கு அரசனின் தொந்திதான் தெரிகிறது. சற்று நின்று பார்த்தால் கண் குட்டி மனிதர்களிடம் போய்விடுகிறது, அங்கேயே தங்கிவிடுகிறது. தோமியே அவர்களை அத்தனை அக்கறையோடு வரைந்திருக்கிறார்.

கில்ரேயைப் பற்றி ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மைடாஸ் படம் வெளிவந்த அதே 1797ஆம் ஆண்டில் பிட் அரசிடமிருந்து ஆண்டுக்கு 200 பவுன் உதவித்தொகை அவருக்குக் கிடைக்கத் தொடங்கியது. சில ஆண்டுகள் அவர் தூரிகை பெரும்பாலும் அரசுத் தரப்புக்கே உழைத்தது. அதனால் முன்பு வரைந்த மைடாஸ் பொய்யாகிவிடாது. ஆனால் கதைவேடம் விலைபோகக்கூடிய கருவி என்பதையும் மறைக்கக் கூடாது. 1803 ஜூனில் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற படத்தில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பிரம்மாண்டமான உருவம். அவர் உள்ளங்கையில் விரலளவு நெப்போலியன் வாளை உருவிக்கொண்டு நிற்கிறான், மன்னர் தொலைநோக்கியால் அவனை உற்றுப் பார்க்கிறார். ஸ்விஃப்டின் 1726ஆம் ஆண்டு நாவலில் வரும் இராட்சதர் நாட்டு அரசனும் கல்லிவரும்தான் இவர்கள். போர்ப் பிரசாரமாக இதற்கு நிகரில்லை. ஆனால் அந்த நாவலைப் படித்தவர்களுக்கு ஒன்று உறுத்தும். அங்கே கல்லிவர் வாய் நிறையப் புகழ்ந்து பேசுவது இங்கிலாந்தின் பெருமையை. அதைக் கேட்டு முகம் சுளித்து அந்தச் சிறு உயிர்களை இழிந்த பிராணிகள் என்று இராட்சத அரசன் தீர்ப்புச் சொல்வதும் ஆங்கிலேயரைப் பற்றித்தான். கில்ரே தீர்ப்பைப் பிரான்சின் பக்கம் திருப்பிவிட்டார். கதை முழுவதுமாகத் திரும்பவில்லை. போரும் வெடிமருந்தும் பெருமைக்குரியவை என்று நினைப்பவர்கள் அற்பர்கள் என்ற ஸ்விஃப்டின் கருத்து, பிரிட்டிஷ் மன்னரின் உள்ளங்கையிலேயே உட்கார்ந்திருக்கிறது. பழங்கதையைப் பயன்படுத்துகிறவன் அதிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. அரசின் காசு வாங்கிய ஓவியனின் படத்திலும் கதை தன் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

கடைசி மறுப்பைத் தோமியேவே எழுப்புகிறார். அவருடைய அரசியல் படங்களில் உச்சமானது எது என்று கேட்டால் பெரும்பாலோர் 1834ஆம் ஆண்டின் ‘திரான்ஸ்நோனேன் தெரு’ என்பார்கள். நானும் அப்படியே சொல்வேன். அதில் புராணமும் இல்லை, வேடமும் இல்லை, அரசனும் இல்லை. 1834 ஏப்ரல் 15 விடியற்காலை, பாரிஸில் வெடித்த கலகத்தை அடக்க வந்த படைவீரர்கள் அந்தத் தெருவில் 12ஆம் எண் வீட்டுக்குள் புகுந்து, தூக்கத்திலிருந்து எழுந்தும் எழாதவர்களைக் கொன்று தள்ளினார்கள். தோமியே வரைந்தது ஓர் அறை. கலைந்த படுக்கையிலிருந்து சரிந்து விழுந்த ஓர் ஆண், இரவு உடையில். அவனுக்கு அடியில் நசுங்கிய குழந்தை. நிழலில் ஒரு பெண், ஓரத்தில் ஒரு கிழவரின் தலை. அவ்வளவுதான். இதற்கு முன் கர்கான்துவா நிற்குமா என்று கேட்டால், நிற்காது. ஆனால் இதிலிருந்து பழங்கதை தேவையற்றது என்ற முடிவுக்கு வரக் கூடாது. கொலை கண்ணுக்குத் தெரிகிறது, தரையில் கிடக்கிறது. அதைக் காட்ட எந்த இராட்சதனும் வேண்டாம், கொண்டுவந்தால் கெட்டுப்போகும். வரியும் பதவி வியாபாரமும் காகிதப் பணமும் அப்படித் தரையில் கிடப்பவை அல்ல. எங்கே வேடம் வேண்டும், எங்கே வேடத்தைக் கழற்ற வேண்டும் என்பது தோமியேவுக்குத் தெரிந்திருந்தது. அந்த இரண்டு படங்களையும் ஒரே கை மூன்று ஆண்டுக்குள் வரைந்தது என்பதைவிட என் வாதத்துக்கு வலுவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இத்தகைய படங்கள் எதைச் சாதித்தன என்று கேட்டால் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். மன்னர் மானியம் நிற்கவில்லை. வாக்குரிமை விரியவில்லை. ஆனால் அரசு இவற்றைக் கண்டு அஞ்சியது உறுதி. 1835 ஜூலை 28 அன்று மன்னரைக் கொல்ல ஃபியெஸ்கி என்பவர் செய்த முயற்சியைச் சாக்காக வைத்து, செப்டம்பரில் புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். முன் அனுமதி இல்லாமல் எந்தப் படத்தையும் வெளியிடக் கூடாது. சாசனம் காப்பது கருத்தை மட்டுமே, படம் கண்ணோடு பேசுவதால் அது கருத்தின் எல்லையைத் தாண்டிச் செயலாகிவிடுகிறது என்று அரசுத் தரப்பில் வாதாடினார்கள். அச்சிட்ட எழுத்துக்கு இந்த முன் அனுமதி இல்லை, படத்துக்கு உண்டு. எழுத்தில் எத்தனையோ பேர் மன்னர் மானியத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதியிருந்தார்கள். கணக்கைப் படித்தவன் கோபப்படுவான். பலகையில் ஏறும் கூடையைப் பார்த்தவன் அதில் தன் காசைத் தேடுவான். அந்த வேறுபாட்டை அரசு சரியாகவே கண்டுகொண்டது, தவறான முடிவுக்கு வந்தது என்பதே என் எண்ணம்.

தடைக்குப் பின் தோமியே பழங்கதையை விட்டுவிடவில்லை. ஆட்சியாளரைப் பழங்கதை மாந்தராக வரைய முடியாதென்றானபின், பழங்கதை மாந்தரையே அன்றைய பாரிஸ் முதலாளிகளைப்போல் வரையத் தொடங்கினார். 1841 டிசம்பரில் தொடங்கி ‘ல ஷரிவரி’ இதழில் வந்த ‘பண்டைய வரலாறு’ வரிசையில் 50 படங்கள். முதல் படத்தில் ட்ராய் நகரம் பின்னால் எரிகிறது. பிணங்களைத் தாண்டி மெனலாஸ் மன்னன் தொந்தியும் தொப்பியுமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறான். மீட்கப்பட்ட ஹெலன் அவன் பக்கத்திலேயே மூக்கில் விரல் வைத்துப் பழிப்புக் காட்டுகிறாள். பெரும்போரின் வெற்றி யாருக்கு, யார் செலவில் என்ற கேள்வி அங்கேயும் இருக்கிறது. மேடையிலும் இப்படி நடந்தது. 1840இல் பால்சாக்கின் ‘வோத்ரேன்’ நாடகத்தில் நடிகர் லமேத்ர் லூயி பிலிப்பின் முடியைப் போன்ற பொய்முடி வைத்துக்கொண்டு தோன்றினார். நாடகத்தை உடனே தடைசெய்துவிட்டார்கள்.

பிரான்சில் படங்களுக்கான முன் அனுமதி 1848 புரட்சியில் நீங்கி, 1852இல் திரும்பி வந்து, கடைசியாக 1881 ஜூலை 29 பத்திரிகைச் சட்டத்தோடுதான் அடியோடு ஒழிந்தது. தோமியே அதற்கு இரண்டு ஆண்டு முன்பே இறந்துபோனார். அந்தச் சட்டம் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளுக்கும் பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருந்தது. 1908இல் சென்னையில் ‘இந்தியா’ வார இதழின் வெளியீட்டாளர் ராஜத்துரோகக் குற்றத்தில் சிறைக்குப் போனபோது, சுப்பிரமணிய பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போய் அங்கிருந்து இதழை நடத்தினார். முதல் பக்கத்தில் பெரிய கருத்துப்படம் போடுவது அந்த இதழின் வழக்கம். தமிழ் இதழியலில் அரசியல் கருத்துப்படத்துக்கு வழிபோட்டவர் பாரதிதான். பிரிட்டிஷ் அரசு தன் எல்லைக்குள் இதழ் நுழையவே தடைபோட்டு, 1910இல் அதை நிற்கவைத்தது. அந்தப் படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்து 1994இல் நூலாக்கியிருக்கிறார். அந்த நூலைக் கையில் எடுப்பவர்கள் ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று, இதில் போட்டிருக்கும் வேடம் ஆளை இழிவுபடுத்துவதோடு நிற்கிறதா, காசும் அதிகாரமும் போகும் வழியைக் காட்டுகிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.